கரைப்பக்கக் கண்ணாடி

சான் அமேதியோ கலங்கரை விளக்கத்துக்கு
ஊரைப் பார்க்கும் பக்கம் கறுப்புக் கண்ணாடி.
ஊர் தூங்கவேண்டும் என்று
யாரோ என்றோ பூசிய தார்.
அக்டோபர் புயலில் அது உடைந்து,
விகோவிலிருந்து புதுக் கண்ணாடி வரும்வரை
பதினோரு இரவுகள்
எங்கள் சிப்பித் தொழிற்சாலையின் நீண்ட வெள்ளைச் சுவரில்
வெளிச்சம் ஓடியது.

மற்றவர்கள் திரைச்சீலை வாங்கினார்கள்.
எனக்கு இரவுப் பணி, காப்பிக்குப் பதினைந்து நிமிடம்.
மேலங்கியில் உப்பு. பையில்
படகு செலுத்தும் உரிமத் தேர்வின் வினாத்தாள்,
இரண்டு முறை நான் தோற்ற தாள்.
டேன் தொண்ணூறு என்று தட்டினால்
கால்குலேட்டர் 'பிழை' என்கிறது.
யாருடைய பிழை என்று சொல்வதில்லை.

முதல் இரவு சும்மா பார்த்தேன்.
இரண்டாம் இரவு அளந்தேன்.
விளக்கின் அடியிலிருந்து சுவருக்கு நேரே
அறுபது எட்டு, என் பூட்ஸ் கணக்கில்.
ஒளி நேராக விழும் இடத்தில்
சாக்கட்டியால் ஒரு சுழி.
அங்கிருந்து
நாற்பத்தைந்து பாகை திரும்பினால் அறுபது எட்டு தள்ளி.
அறுபது பாகைக்கு நூற்று நான்கு.
எண்பதுக்கு முந்நூற்று நாற்பது, அங்கே
சுவர் முடிந்து ஐஸ் கிடங்கின் முள்வேலி.
எண்பத்தொன்பதுக்கு,
சுவர் இருந்திருந்தால்,
மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம்:
அடுத்த ஊர்க் கல்லறையையும் தாண்டி.

விளக்கு என்னவோ ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது.
இருபது வினாடிக்கு ஒரு சுற்று, கூடாது குறையாது,
ரோசெந்தோ சத்தியம் செய்கிறான்.
சுழியருகே ஒளி
கடன் கேட்க வந்தவன்போல் தயங்கி நடக்கும்;
ஓரம் நெருங்க நெருங்க
கடன் கொடுத்தவனைக் கண்டவன்போல் ஒரே ஓட்டம்.

பிறகு தொண்ணூறு.
கதிர் சுவருக்கு இணையாக நீண்டு கிடக்கிறது.
பெரிய எண் என்று சொல்ல அங்கே எண்ணே கிடையாது.
தொடவில்லை, அவ்வளவுதான்.
பாடநூல் அந்த இடத்தில் புள்ளிக்கோடு கிழித்து
தொலைத்தொடுகோடு என்கிறது.
தொலை தெரிகிறது. கோடு தெரிகிறது.
நடுவில் இருக்கும் தொடுவைத்தான்
தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சுவரின் இடது கோடியில்,
கழித்தல் குறிக்கு உள்ளேயிருந்து,
ஓர் ஒளி ஓடி வருகிறது.
"பாரு உஷியா, போனது திரும்பி வருது"
என்றாள் மரூஷா, கொதிகலன் ஆவி தலையில் மணக்க.
நல்ல மனசுக்காரி.
கிரான் சோல் கடலுக்குப் போன ப்ரைஸ்
அயர்லாந்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்ட
நாலு வருடக் கணக்கு
அவளிடமும் இருக்கிறது.

இல்லை என்றேன்.
விளக்குக்கு இரண்டு முகம், முதுகோடு முதுகு.
வலப்பக்கம் போனது ஒரு முகத்தின் ஒளி,
இடப்பக்கம் வருவது மற்றதன் ஒளி.
போனது போனதுதான்.
சைன் முழுச்சுற்றுக்குக் காத்திருக்கும்,
டேனுக்கு அரைச்சுற்று போதும்:
பத்து வினாடியில் படம் மறுபடி தொடங்கிவிடும்.
ஆனால் வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே
பாலம் கிடையாது, மரூஷா.
பேனாவைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.
இரண்டு தடவையும் நான் தோற்றது அங்கேதான்.
தூக்காமல் இழுத்துவிட்டேன்,
உச்சியிலிருந்து அடிவரை ஒரு நெட்டைக் கோடு,
ஏதோ ஒளி வந்த வழியே
சுவர் முழுக்கத் திரும்பி ஓடியதுபோல.

அவள் காப்பியை ஊதினாள்.
"அப்போ நடுவுல என்னதான் இருக்கு?"
பார்த்தேன். மழை இருந்தது.
சுவரில் படாத கதிருக்குள்
ஒவ்வொரு துளியாக.

பன்னிரண்டாம் நாள்
தார் வாளியோடு ரோசெந்தோ ஏணியில் ஏறினான்.
ஊர் தூங்கியது.
என் சுழியை
சுவர் கழுவும் குழாய்க்காரன் கழுவிவிட்டான்.

தேர்வு ஆ கொருஞாவில். நான்காம் வினா.
சுழியில் தொடங்கினேன், மெல்ல,
பிறகு செங்குத்தாக, தாளின் விளிம்பு வரை.
பேனாவைத் தூக்கினேன்.
கொஞ்ச நேரம் தூக்கியபடியே இருந்திருப்பேன் போல.
கண்காணிப்பாளர் குனிந்து,
மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.